டாக்டரக் கேட்டுக்க

2025 பிப்ரவரி 19, புதன்

காலையிலிருந்து சர்வர் இல்லை. இ-சேவை மையத்து வாசலில் பதினேழு பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரோடு. வருமானச் சான்று, வாரிசுச் சான்று, பிறப்புச் சான்றில் குழந்தை பெயர் சேர்க்க. "எப்ப மேடம் வரும்?" என்று என்னைக் கேட்டால் நான் என்ன செய்ய? பாலக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு சென்னை சர்வரை நானா தட்டி எழுப்புவேன்? எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். பாவம், அவர்கள்.

உண்மையில் கோபம் அவர்கள் மேல் இல்லை. விடியற்காலையில் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு பார்த்துவிட்டு வந்தவள் நான்.

ஓசூரில் ஷிப்டில் இருக்கிற அவருக்கு மட்டும் போனில் சொன்னேன். ஆரோக்கியராஜ் கேட்ட முதல் கேள்வி: "இன்னைக்குத் தைராய்டு மாத்திரை போட்டியா?"

போட்டேன். இந்த முறை போட்டேன்.

பிப்ரவரி 22, சனி

தருமபுரி போய் டாக்டரம்மாவைப் பார்த்தோம். தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.ஹெச். ஆறு புள்ளி ஒன்று. இரண்டரைக்குக் கீழே வரவேண்டுமாம். குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யத் தொடங்கும்வரை என்னுடையதை நம்பித்தான் இருக்கும் என்றார். சரியான ஆளைப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறது.

ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரையை எழுபத்தைந்து ஆக்கினார். எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி.

"போன தடவை என்னாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். 2023 அக்டோபர், பத்தாவது வாரம் கலைந்துவிட்டது. அதற்கு முன் ஐந்து வாரம் மாத்திரையை நிறுத்தியிருந்தேன்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"எங்கம்மா."

அம்மா சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "வவுத்துல புள்ளய வெச்சிக்கிட்டு எதுக்கு தெனமும் மாத்திரை முழுங்கற? புள்ளைக்கு ஆவாது. உட்டுடு." விட்டுவிட்டேன். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வார்டே கேட்கிற மாதிரி, "நீதாம்மா கொன்ன" என்றேன். அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பதினாறு மாதம் ஆகிறது. அவளும் வரவில்லை, நானும் போகவில்லை.

டாக்டரம்மா, "அதுதான் காரணம்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அவர் ஓசூர் பஸ் ஏறிவிட்டார். வீட்டில் நானும் மாத்திரை டப்பாவும்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து வாந்தி எடுத்தேன். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. அம்மா கரைக்கிற பச்சைப்புளி ரசம் மட்டும் வேண்டும்போல் இருந்தது. அடுப்பே ஏற்றமாட்டாள். சின்ன வெங்காயத்தையும் மிளகாயையும் கையாலேயே நசுக்கிப் புளித்தண்ணீரில் போடுவாள். நானும் அப்படித்தான் செய்தேன். புளித்தண்ணீர் புளித்தண்ணீராகவே இருந்தது.

யாரிடம் கேட்பது? மாமியார் பெங்களூரில் கொழுந்தன் வீட்டில். அவர்களுக்கு ரசம் என்றாலே சர்க்கரை போட வேண்டும்.

அம்மா இந்நேரம் ஊர் மாதா கோயிலில் கடைசி வரிசையில், சகாயமேரி இடம் என்று எல்லோரும் விட்டுவைக்கிற தூணோரம் உட்கார்ந்திருப்பாள். எனக்காக வேண்டிக்கொள்வாளா? வேண்டிக்கொள்வாள். அது தெரிந்துதான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மார்ச் 24, திங்கள்

பத்தாவது வாரம். ஸ்கேனில் துடிப்பு இருந்தது. அரிசி வேகிறபோது மூடி ஆடுமே, அந்த வேகம். டி.எஸ்.ஹெச். இரண்டு புள்ளி மூன்று. டாக்டரம்மா சிரித்தார்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அம்மா நம்பரைப் போட்டேன். ரிங் போவதற்குள் துண்டித்துவிட்டேன். எதிரே நல்லம்பள்ளி பஸ் காலியாக நின்றது. ஏறினால் அரை மணி நேரத்தில் அம்மா ஊர்.

ஏறவில்லை. அவளே கேட்டு வரட்டும் என்று ஒரு வீம்பு. அவளுக்கு எப்படித் தெரியும், நான் யாருக்கும் சொல்லவே இல்லையே?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அவர் சொன்னார்: "உங்கம்மாவை நீயா கூப்புடு. அவங்க கூப்புட மாட்டாங்க."

"ஏன் கூப்புட மாட்டாங்க?"

"நீ சொன்ன வார்த்தைக்கு அப்புறமா?"

பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். எனக்காகப் பேச இந்த வீட்டில் ஒரு ஆள் கிடையாது.

மே 3, சனி

டி.எஸ்.ஹெச். ஐந்து புள்ளி இரண்டு.

இரண்டு தடவை பார்த்தேன், பெயர் மாறிப்போய் வேறு யாருடையதாவது வந்துவிட்டதா என்று. சோபனா, வயது 29. என்னுடையதுதான்.

"ஒரு நாளு கூட உட்டதில்ல டாக்டர், டெய்லி போடறேன்" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"வேற என்ன மாத்திரை போடறீங்க?"

போன மாதம் கிராம செவிலியர் தேவிப்பிரியா வீட்டுக்கு வந்து இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுத்துவிட்டுப் போனாள். மறந்துவிடக் கூடாது என்று மூன்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு வைத்து, காலையில் ஒரே வாயில் விழுங்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவு அக்கறை எனக்கு.

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாதாம். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். மாத்திரையை நூறாக்கினார். "குழந்தைக்கு ஏதாவது...?" என்று கேட்டேன். "இப்ப சரி பண்ணிக்கலாம். பயப்படாதீங்க, ஆனா எதுவா இருந்தாலும் கேட்டுட்டுப் பண்ணுங்க" என்றார்.

மே 4, ஞாயிறு

தேவிப்பிரியாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "இரும்பு மாத்திரைய மத்தியானம் சாப்பிட்டுட்டும் கால்சியத்த ராத்திரியும் போடச் சொன்னேனேக்கா, கார்டுலயும் எழுதியிருக்கே" என்றாள். கார்டை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருக்கிறது.

பி.காம். படித்தவள். ஊருக்கே படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள். "கீழ இருக்கிறதப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவள்.

இந்த முறை யார் சொல்லிச் செய்தேன்? யாரும் சொல்லவில்லை. யார் மேல் போடுவது?

அப்படியானால் போன முறை? அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஐந்தாவது வரை படித்தவள், பயந்து சொன்னாள். முப்பத்தைந்து காலையும் டப்பாவைப் பார்த்துவிட்டு மூடி வைத்தது யார்? டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குச் சோம்பல். வரிசையில் நிற்கவேண்டுமே என்ற சோம்பல். இதை எழுதவே இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

மே 19, திங்கள்

இன்று மையத்துக்கு ஒரு பெண் வந்தாள். மணிமேகலை. ரேஷன் ஸ்மார்ட் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். ஆறு மாத வயிறு. முகவரியில் எங்கள் ஊர்ப் பெயர். அம்மாவின் ஊர். பாலக்கோட்டில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். கல்யாணமாகி ஒரு வருடம்தான், என்னைத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓ.டி.பி. வருகிறவரை பேச்சு. "உங்களுக்கு எத்தன மாசங்க்கா?" என்றாள். தனக்கும் தைராய்டு என்றாள்.

"மாத்திரைய ஒழுங்கா போடறியா?" என்று பெரிய மனுஷி மாதிரி கேட்டேன்.

"போடாம இருக்க உடுவாங்களா? எங்க ஊருல சகாயமேரி அத்தைன்னு ஒருத்தவங்க. காலையில அஞ்சரைக்கெல்லாம் வந்து கதவத் தட்டுவாங்க. போட்டியான்னு கேப்பாங்க. போட்டேன்னாலும் டப்பாவக் காட்டுன்னு வாங்கி எண்ணுவாங்க. எங்க மாமியாரு ஒரு நாளு, உனக்கேன் இவ்ளோ அக்கறைன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"என் வாயால ஒரு புள்ள போச்சு, அதான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

ஓ.டி.பி. வந்து, நேரம் முடிந்து, காலாவதியாகிவிட்டது. திரையில் எழுத்து எதுவும் தெரியவில்லை எனக்கு. "அக்கா, தண்ணி குடிக்கறீங்களா?" என்று அந்தப் பெண் தன் பாட்டிலை நீட்டினாள்.

மே 24, சனி

போனேன். அவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

அம்மா வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் என் வயிற்றைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தை. "வா" என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இளைத்துவிட்டாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "நிறுத்தினது நாந்தாம்மா. உம்மேல போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"நாஞ் சொல்லலைன்னா நீ நிறுத்தியிருக்க மாட்டல்ல" என்றாள்.

அதுவும் உண்மைதானே? பக்கத்தில் உட்கார்ந்து கடலை உடைத்தேன். அழுதோமா என்றால், அழுதோம்.

மத்தியானம் களியும் பச்சைப்புளி ரசமும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "இவ்ளோ புளி சாப்புடலாமாம்மா?" என்று சும்மா கொஞ்சலாகத்தான் கேட்டேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டாக்டரக் கேட்டுக்க" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஏழாம் மாதக் கட்டுச்சோறு. அம்மா ஆறு டிபன் கேரியரோடு நல்லம்பள்ளியிலிருந்து வேன் பிடித்து வந்தாள். புளிச்சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச்சோறு. வளையல் போட வந்த பெண்கள் ஆளாளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். பப்பாளி ஆகாது, குங்குமப்பூ குடி, இடது பக்கம் படு. பக்கத்து வீட்டு முனியம்மாள், "தாயி நீ என்ன சும்மா நிக்கற, மவளுக்கு நாலு வார்த்த சொல்லு" என்று அம்மாவையே கேட்டாள்.

அம்மா சிரித்தாள். சொல்லவில்லை.

என்னிடம் அவள் பேசுகிற பேச்செல்லாம் இப்போது கேள்விதான். டாக்டரு என்ன சொன்னாங்க? டி.எஸ்.ஹெச். எவ்ளோ வந்துது? ஒன்று புள்ளி ஒன்பது என்றேன். அந்த எண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறவள் மாதிரி இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எனக்கு என் பழைய அம்மா வேண்டும். ஈரத்தலையோடு படுக்காதே என்று முதுகில் ஒன்று வைப்பாளே, தண்ணியில் காலைப் போடாதே என்று தெருமுனையிலிருந்து கத்துவாளே. பக்கத்திலேயே இருக்கிறாள், ஆனாலும் அவளுக்காக ஏங்கிப்போய்க் கிடக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். காலை ஐந்தரைக்கு விளக்கு போடுகிறாள், மாத்திரைக்குத் தண்ணீர் வைக்கிறாள், போய்விடுகிறாள். இன்னும் வலி வரவில்லை.

அக்டோபர் 25, சனி

செவ்வாய்க்கிழமை மகள் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு. இன்று ரிசல்ட் வந்தது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்களே, அது. அவளுக்குத் தைராய்டு சரியாக இருக்கிறது. எனக்கு மறுபடி ஐம்பது, ஆறு வாரம் கழித்து டெஸ்ட்.

டாக்டரம்மா, "சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்றார். எனக்கு முன்னால் அம்மா, புடவை முந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மாத்திரை போட்டுட்டுத் தாய்ப்பாலு குடுக்கலாங்களா?" "தாராளமா குடுக்கலாம்மா." அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அக்டோபர் 29, புதன்

பாப்பா பால் குடித்துவிட்டு ஓயாமல் அழுதாள். மடியில் போட்டேன், ஆட்டினேன், மறுபடி பால் கொடுத்தேன், துப்பினாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. அம்மா கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மூன்று பெற்று வளர்த்தவள்.

"டாக்டருக்குப் போன் போட்டுக் கேக்கறயா?" என்றாள்.

"வேணாம். நீ சொல்லும்மா."

"எனக்கென்ன தெரியும்."

"அம்மா. நீ சொல்லு. நான் என்ன பண்ணட்டும்?"

பாப்பா அழுகிற அழுகையில் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மெதுவாக உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"தோள்ள தூக்கிப் போடு. தலைக்கு ஒரு கை குடு. முதுவ மெள்ளத் தடவு, கீழயிருந்து மேல. அவசரப்படாத, காத்துதான், வரும்."

அம்மா சொன்னபடி செய்தேன்.