பெரியவரை மடித்த கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், என் முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன வியாழக்கிழமை எங்கள் விடுதியில் நடந்ததை வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இருந்தவர்கள் முதலாளி, மாடியில் கடைசி அறையில் இருக்கும் அவருடைய தொண்ணூறு வயது அப்பா, அவரைப் பெரியவர் என்றுதான் எல்லாரும் சொல்வோம், அப்புறம் மேனேஜர், சமையல்காரர், நான், அவள். அவள் என்றால் சலவை அறையில் நான் விரிப்பு மடிக்கும்போது அந்தப் பக்கத்து முனையைப் பிடிக்கிற எதிர்முனைக்காரி.

அந்த வியாழன் வரை நான் அவளோடு முகம் பார்த்துப் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. நீ விமானம் ஏறிய மறுநாள், கையில் விரிப்போடு நின்றுகொண்டு, போனவ எங்கக்கா திரும்பி வரப் போறா, எழுதி வச்சுக்கோ என்றாள். நான் எழுதி வைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு எல்லாம் தலையிலேயேதான் இருக்கிறது, அன்றைக்கு அவள் அங்கியில் மூன்றாவது பொத்தான் இல்லை என்பது வரை. ஆனால் இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. அதனால் நான் சுவரைப் பார்த்து இழு என்பேன், அவள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து ம் என்பாள், இரண்டு பேரும் முனையைச் சேர்ப்போம். சலவை அறைக்குள் அந்தப் பெரிய விரிப்புக்குப் பெரியவர் என்றும் தலையணை உறைக்குக் குட்டி என்றும் பேர் வைத்தவளும் நான்தான். வினையை எங்கே விலைக்கு வாங்கினேன் என்று இப்போதே தெரிந்துகொள்.

இரண்டு மாதம் முன்னால் மேனேஜர் ஆளுக்கொரு போன் கொடுத்து, இனிமேல் யாரும் மாடிப்படியில் நின்று கத்தக் கூடாது, முடித்த வேலையைக் குரூப்பில் போடுங்கள் என்றார். எனக்குத் தட்டத் தெரியாது. உன் மகள்தான் அங்கிருந்து கூப்பிட்டு, பாட்டி, மைக்கை அழுத்திப் பேசு, அதுவே எழுதிடும் என்று சொல்லிக் கொடுத்தாள். பொய் சொல்லக் கூடாது, ஒரு நாளைக்கு நாலு தடவை நாற்பத்திரண்டு படி ஏறுவது நின்றது, துண்டும் நேரத்துக்குப் போனது. எனக்கோ அதைவிடப் பெரிய சந்தோஷம், இனி சுவரோடுகூடப் பேச வேண்டாம். அந்தத் திமிரில், அந்த வியாழனுக்கு முந்தின நாள், மேனேஜரிடம் போய், போன் இருக்கும்போது நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல எதுக்கு சார், மடிக்கிற மெஷின் இருக்கிற நம்ம இன்னொரு கட்டடத்துக்கு அவளை மாத்திடுங்களேன் என்றேன். அவரும் திங்கட்கிழமையிலிருந்து மாற்றுவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் வேடிக்கை பார், இழு இல்லை, ம் இல்லை, இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றால் முனை எங்கே சேரும்? ஒரே விரிப்பை மூன்று தடவை மடித்தோம். அதற்குள் முடிந்தது முடிந்தது என்று குரூப்பில் போட்டாயிற்று.

வியாழக்கிழமை காலை மைக்கை அழுத்தி, பெரியவர் மடிச்சாச்சு, மேல அனுப்பவா என்று தெளிவாகத்தான் சொன்னேன். அந்தப் பாழாய்ப்போன போன், பெரியவர் மடிஞ்சாச்சு மேல அனுப்பவா என்று எழுதிவிட்டது. நான் அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு அழுகிறார். முதலாளி பாதி வழியில் காரைத் திருப்பி, செருப்பில்லாமல் ஓடி வருகிறார். மேனேஜர் பூ வாங்க ஆளே அனுப்பிவிட்டார். எல்லாரும் மாடிக்கு ஓடினால் அறையில் ஆள் இல்லை. பெரியவரோ துண்டு கேட்டு எங்கள் சலவை அறைக்கு இறங்கி வந்திருக்கிறார். தேடிக்கொண்டு வந்தவர்கள் அழுத முகத்தோடு வாசலில் நிற்க, அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்னம்மா, என்னை மடிச்சு எந்த அலமாரியில வச்சே என்றார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. இந்த வயசுல இவங்களுக்குப் போனும் வேண்டாம் வேலையும் வேண்டாம் சார் என்று முதலாளியிடம் சொன்னார்.  எதிர்முனைக்காரிதான் கையில் இருந்த விரிப்பைத் தூக்கிக் காட்டி, இதுதான் சார் எங்க பெரியவர், அக்கா ஒழுங்காத்தான் சொன்னாங்க, நான் பக்கத்துல நின்னு கேட்டேன், போனுக்குத்தான் காது மந்தம் என்றாள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய் வேலையைப் பாருங்க என்றார். எல்லாரும் போன பிறகு அவள் என்னைப் பார்த்து, இஸ்திரிப் பெட்டியை அல்ல, என்னையே பார்த்து, முனையைப் பிடி அக்கா என்றாள். பிடித்தேன். இழு என்றேன், சுவரைப் பார்த்து அல்ல.

மத்தியானம் நாற்பத்திரண்டு படியும் ஏறி மேனேஜரிடம் போய், அவளை மாத்தாதீங்க சார் என்றேன். இதுக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே என்றார். போட்டா அது மாத்துங்கன்னு எழுதித் தொலைக்கும் சார், நானே வந்தாத்தான் சரி என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். இப்போது படிக்கட்டுக்குப் போன், மடிக்கிறதுக்கு வாய் என்று வைத்திருக்கிறோம். நீயும் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கூட வேலை பார்க்கிறவள் முகமே தெரியாது என்கிறாய். ஒரு நாள் ஆபீசுக்குப் போய் யாரோடாவது சண்டையாவது போட்டுவிட்டு வாடி.

உன் வீடு நிறைந்து இருக்கட்டும், பேத்தி எலும்பும் தோலுமாக இல்லாமல் சதை பிடித்து வளரட்டும். முழங்கால் தைலத்தை மறக்காதே, அதைத் தபாலில் அனுப்பாமல் கையில் கொண்டு வா. ஏன் என்றால், அவள் எனக்காகப் பேசினாள், நானும் இப்போது அவளோடு பேசுகிறேன், ஆனாலும் நீ திரும்பி வரமாட்டாய் என்று அவள் அப்போது சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. நீ இந்த வாசலில் வந்து நின்றால்தான் அது பொய்யாகும், அன்றைக்கே அவளை மன்னித்துவிடுவேன். பாவம், அவளுக்கும் வயதாகிறது, சீக்கிரம் வா. அதுவரைக்கும் நான் மன்னிக்கவே மாட்டாத ஒரே ஆள், அந்த எதிர்முனைக்காரி.

இப்படிக்கு,
இந்த முனையில் நிற்கும்
உன் அம்மா