சொல்லாமல் பிடித்த விரதம்

பிரிக்பீல்ட்ஸ்,
20.10.1996

அன்பு மகன் குருவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கந்தசுவாமியின் துணையால் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த லீட்ஸ் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பின்னேரமானால் மழைதான், துணி காய்வதில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி தீபாவளி முறுக்குக்கு இப்போதே மாவு இடித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வருஷமாவது உன் மகன் வருவானா அக்கா என்று கேட்கிறாள், நான் மழையைப் பற்றிப் பேசி நழுவிவிடுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா முடிவெட்டப் போயிருந்த நேரம், அதனால் நான்தான் முதலில் படித்தேன். படித்துவிட்டு அடுப்பில் பருப்பை வைத்ததையே மறந்து, அது அடிப்பிடித்து வீடெல்லாம் புகைந்த பிறகுதான் எழுந்தேன். நீ எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பாவுக்கு என் கையாலேயே நஞ்சு கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இனி அப்படி ஒரு வார்த்தை எழுதாதே. பெற்ற தகப்பனுக்கு நல்லது நினைத்து ஒரு பிள்ளை அனுப்பிய சத்துக் குளிகையை நஞ்சு என்று சொல்ல எனக்கு மனம் வராது, உனக்கும் வரக் கூடாது.

நீ விளக்கி எழுதியது எனக்கு விளங்கிற்று என்று சொல்வதற்காக, நான் விளங்கிக்கொண்டதைத் திருப்பி எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. கேரட்டிலும் பூசணியிலும் கீரையிலும் இருக்கிற அந்தச் சத்து, ஆன்டிஆக்சிடன்ட் என்று நீ எப்போதும் எழுதுவாயே, அதைச் சாப்பாட்டோடு சாப்பிட்டால் ஒரு குறையும் இல்லை, நல்லதுதான். ஆனால் அதில் பீட்டா கரோட்டின் என்ற ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, பெரிய அளவில் குளிகையாக்கி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கிறது. முதலில் பின்லாந்தில் இப்படிச் சொன்னபோது யாரும் நம்பவில்லை, இந்த வருஷம் அமெரிக்காவிலும் அப்படியே வந்து, ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். போன மாதம்தான் நீ முழு விவரமும் படித்தாய். இவ்வளவுதானே? மருந்து படித்த உனக்கே போன மாதம்தான் தெரிந்தது என்றால், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷன் வாங்குகிறவருக்கும், சமையல்கட்டில் நிற்கிற எனக்கும் எங்கே தெரியப் போகிறது.

இப்போது நான் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மறைக்கச் சொன்னது அப்பா. ஆனி மாதத்திலிருந்து அவருக்கு இருமல். வெயில் சூடு என்றார், பிறகு ஃபேன் காற்று என்றார், கடைசியில் புஷ்பவல்லி வீட்டுச் சாம்பிராணிப் புகை என்று அவள் மேல் பழியைப் போட்டார். போன மாதம் இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தோம். வலப் பக்க நுரையீரலில் சின்னதாக ஒரு நிழல் தெரிகிறதாம். டாக்டர் ஒரு சீனப் பிள்ளை, மிகவும் பொறுமையாகப் பேசினாள். பழைய சளி ஆறிய தழும்பாகவும் இருக்கலாம், வேறு ஏதாகவும் இருக்கலாம், டிசம்பரில் திரும்ப எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள். உன் கடிதம் வந்த மறுநாளே நான் அந்தக் குளிகைப் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு அவளிடம் போய் நின்றேன். ஆன்டி, இவர் நாற்பது வருஷம் சிகரெட் பிடித்தவர், இந்த நிழலுக்கு இந்தக் குளிகைதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, இதை இன்றோடு நிறுத்துங்கள், சிகரெட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள், வேறு மந்திரம் ஒன்றும் என்னிடம் இல்லை என்றாள். அதனால் நீ இரவெல்லாம் விழித்துக் கிடந்து உன்னையே திட்டிக்கொள்ளாதே. ஆனால் எனக்கு வேறொரு வருத்தம் இருக்கிறது மகன், குளிகையைவிடப் பெரிய வருத்தம் அது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாது, அப்பா ஒரு தடவை சிகரெட்டை விட்டிருந்தார். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், கந்தசஷ்டிக்கு வழக்கம்போல ஸ்காட் ரோட்டுக் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் பிடித்தார். ஆறு நாளும் பாலும் பழமும்தான், சிகரெட்டைத் தொட மாட்டார், அது நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து நடப்பதுதான். ஏழாம் நாள் காப்பை அவிழ்த்து, பாறணைச் சோறு சாப்பிட்ட கையோடு வாசலில் நின்று ஒன்றைப் பற்ற வைப்பார், அதுவும் வழக்கம்தான். அந்த வருஷம் அவர் காப்பை அவிழ்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனார், சும்மா நின்றுவிட்டு உள்ளே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, திருவெம்பாவைக்கு விடிய எழுந்து என்னோடு கோயிலுக்கு வந்தார். ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டேன், முதல் தடவையாக அவற்றில் சவர்க்கார வாசம் நின்றது. நாக்கில் ருசி திரும்பிவிட்டது என்று சொல்லி, பாசாருக்குப் போய் முருங்கைக் கீரையும் பப்பாளியும் தானே தேடித் தேடி வாங்கி வருவார். கீரையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிற மனுஷன், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குருவுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். நீர் ஒண்டும் எழுத வேண்டாம், விரதத்தை வெளியில சொன்னா பலன் போயிடும், அவன் தைப்பூசத்துக்கு வாறான்தானே, வந்து தன்ர கண்ணால பார்க்கட்டும் என்றார். உன் முன்னால் சிகரெட் இல்லாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை. நீ வீட்டை விட்டுப் போகிற அன்று, சுபாங் ஏர்போர்ட்டில் வைத்து, அப்பா இதை விடுங்கோ என்று நீ அழுதாயே, அதை அவர் மறக்கவில்லை.

அந்தத் தைப்பூசத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. நீ வராமல் உன் பார்சல் வந்தது. ஆரஞ்சு நிறக் குளிகைப் போத்தல்கள், கூடவே உன் கடிதம். அப்பா சிகரெட்டை விட மாட்டார் என்று எனக்குத் தெரியும், குறைந்தது இதையாவது தினமும் போடட்டும், இரும்பு துருப்பிடிக்கிற மாதிரித்தான் உடம்பும், இது துருப்பிடிக்காமல் காக்கும் என்று எழுதியிருந்தாய். உன்மேல் என்ன பிழை? உனக்கு நாங்கள் சொல்லவில்லையே. அப்பா அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். விட மாட்டார் என்று எனக்குத் தெரியும் என்ற இடத்தில்தான் அவர் கண் நின்றது, நான் பார்த்தேன். அன்று பின்னேரம் காப்பை அவிழ்த்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். அடுத்த நாள் குளிகை ஒன்று, சிகரெட் ஒன்று. நான் சண்டை போட்டேன். மருந்து படிச்ச மகன் காவலுக்கு ஆளனுப்பியிருக்கிறான், பிறகென்ன பயம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. கொஞ்ச நாளில் அவரே அதை நம்பவும் தொடங்கிவிட்டார். கோயில் மண்டபத்தில் துருக் கதையைச் சொல்லாத ஆளில்லை. ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரித்தான் இது என்று எல்லோருக்கும் விளக்கம். அதைக் கேட்டுத்தான் கோயிலுக்கு வருகிற நம்முடைய சிவமலர் வைட்டமின் விற்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்து, வீடு வீடாக வந்து, ஒரு போத்தல் எடுத்துப் பாருங்க லா ஆன்டி என்று பிராணனை வாங்குகிறாள். ஒரு குளிகைக்குள் கூடைக் கேரட் இருக்கிறபோது கீரை எதற்கு என்று அப்பா கேட்டதால் நானும் கீரை வாங்குவதைக் குறைத்துவிட்டேன். போன வருஷக் கந்தசஷ்டிக்கும் விரதம் பிடித்தார், ஆனால் ஏழாம் நாள் பழையபடி வாசலில் புகை. அவர் முதல் தடவை விட்டபோதே நான் வாயைத் திறந்து, இவர் விட்டுவிட்டார் மகன் என்று உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். பலன் போய்விடும் என்று பயந்து எழுதாமல் விட்டோம், உனக்குத் தெரியாமலே எல்லாம் வந்து எல்லாம் போயிற்று.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதாமல் விட்டுத்தான் இவ்வளவும் நடந்தது என்பதால் எழுதுகிறேன். ஆகஸ்டில் தன் தங்கை கல்யாணத்துக்கு வந்த உன் சிநேகிதன் பழனியப்பன், நீ கொடுத்துவிட்ட போத்தலைக் கொண்டுவந்து தந்தான். நல்ல பிள்ளை, இரண்டு தோசைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி நாலு சாப்பிட்டான். அப்பா அவனிடம் நீ வேலை முடிந்து வந்து என்ன செய்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவனும் வெள்ளந்தியாக, குளிரில வெளிய நின்னு ஒரு சிகரெட் அடிப்பாரு அங்கிள், அப்புறம் உங்களுக்கு அனுப்பினாரே இதே மாத்திரை, அதையும் ஒண்ணு போட்டுக்குவாரு என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனைக் கோபிக்காதே. அப்பா அவனுக்கு இன்னொரு தோசை போடச் சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஏர்போர்ட்டில் அழுத பிள்ளை அங்கே போய் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறானே என்று உன் மேல் வந்த கோபத்தைப் பாத்திரத்தின் மேல் காட்டினேன், இரண்டு தட்டு நெளிந்துவிட்டது. பிறகு யோசித்தால், அந்த ஊரில் தனியாக, பனி இருட்டில், உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுகை வந்தது. கோபம் இன்னும் போகவில்லை, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முடிவெட்டி வந்தவரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். நீ நஞ்சு என்று எழுதிய இடத்தில் தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்கிற மாதிரி. பிறகு சாமி அறைக்குப் போனார். உன் போத்தலை அவர் அங்கேதான் வைத்திருந்தார், தினமும் திருநீறு பூசிக்கொண்டு, குரு வந்திட்டான் என்று சொல்லித்தான் ஒன்றை வாயில் போடுவார். மகன் அனுப்பியது என்பதற்காகவே ஒரு நாளும் தவற விட்டதில்லை. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம், துருவுக்கு மேல பெயின்ட் அடிச்சா அது உள்ளுக்குள்ள தின்னும், முதல்ல சுரண்ட வேணும், இது எனக்குத் தெரியாததா என்றார். பிறகு, அவனும் இதைத்தானே போடுறான், எனக்கு நிப்பாட்டச் சொல்லி எழுதுறான், அவனுக்கு ஆர் எழுதுறது என்று கேட்டார். போத்தலை என்னிடம் தந்தார். அதைத்தான் மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோனேன். ஆனால் சிகரெட் டின் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன்.

நேற்றுக் காலை என்னிடம் சொல்லாமல் கோயிலுக்குப் போய், ஐயரிடம் பேசி, மஞ்சள் நூலில் இரண்டு காப்பு வாங்கி வந்தார். ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். தாளுக்கு நடுவில் மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கீழே விழாமல் பார். தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி தொடங்குகிறது. முதல் நாள் விடிய அவர் இங்கே கட்டிக்கொள்வாராம், நீ அங்கே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வலக் கையில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். உன்னால் பால் பழத்தோடு இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும், வேலைக்குப் போகிற பிள்ளை வயிற்றைக் காயப் போட வேண்டாம், சைவமாகச் சாப்பிட்டால் போதும், அந்த ஒன்றை மட்டும் தொடாமல் இருந்தால் போதும் என்கிறார். ஏழாம் நாள் அவர் தன் காப்பை அவிழ்க்கப் போவதில்லையாம். அதை நீ வந்து உன் கையால் அவிழ்க்க வேண்டும், உன்னுடையதை அவர் அவிழ்ப்பார். அதுவரை இரண்டு பேரும் கட்டிய கையோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொல்லச் சொன்னது. டிசம்பரில் எக்ஸ்ரே எடுக்கிற அன்று நீ பக்கத்தில் இருந்தால் நல்லது என்பது நான் சொல்வது, அவருக்கு இது தெரியாது.

அங்கே குளிகையை நீயும் குப்பையில் போடு. கடையில் கிடைக்கிற கேரட்டும் தக்காளியும் கீரையும் வாங்கி, உப்பும் மிளகும் போட்டாவது அவித்துச் சாப்பிடு, வெறும் ரொட்டியில் காலம் தள்ளாதே. நானும் நாளையிலிருந்து பாசாரில் கீரை வாங்கப் போகிறேன், சிவமலர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டுக்கொள். உனக்கு எல்லா நலமும் கிடைக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு நீ வாழ வேண்டும், கந்தசுவாமி உன் பக்கத்திலேயே நிற்கட்டும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார்.

விரதத்தை வெளியில் சொன்னால் பலன் போய்விடும் என்று அப்பா இப்போதும் முணுமுணுக்கிறார். போன தடவை சொல்லாமல் இருந்து பார்த்தோம். இந்தத் தடவை உனக்குச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பூரணம் சண்முகரத்தினம்