பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டரைக்கு வந்து படுத்தேன். ஒன்பதுக்குக் கீழே வெல்டிங் பட்டறையில் ஷட்டரைத் தூக்கினார்கள். அதோடு சரி.

நேற்று இரவு வார்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டேன். குறைமாதக் குழந்தைகளின் வார்டு. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. கூட இருந்தவள் தோளைத் தட்டி எழுப்பிவிட்டாள். ஆனால் தலைமை நர்ஸ் பார்த்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா உன்னை இந்த வார்டுல வெச்சுக்க முடியாதும்மா. எனக்கும் மனசு வரல. ஆனா முடியாது."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

வீடு மாறியே ஆக வேண்டும். வாடகைக்கு வேண்டாம், சேமிப்போடு கடனும் வாங்கிச் சொந்தமாகவே பார்த்துவிடலாம் என்கிறார் என் கணவர்.

மார்ச் 8, ஞாயிறு

வீடு காட்ட வந்தது அவருடைய சித்தப்பா மகன். போன மாதம் வரை இன்சூரன்ஸ், இந்த மாதம் ரியல் எஸ்டேட். "நம்ம புள்ள இருக்கும்போது வெளியாளைத் தேடினா நல்லாவா இருக்கும்?" என்றார் மாமியார். அத்தை தங்கமானவர்தான், குரல் மட்டும் வெண்கலம். அவர் பேசுவதற்குப் போனே தேவையில்லை, எதிர்முனைக்கு நேரடியாகவே கேட்கும்.

மூன்று வீடுகள் பார்த்தோம். மூன்றும் அமைதியோ அமைதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த வீடுதான் சத்தம் போடும்?

"வேலை நாள்ல, பகல்ல எப்படி இருக்கும் தம்பி?"

"அதெல்லாம் பழகிரும் அண்ணி."

பழகிக்கொள்ளத்தான் கடன் வாங்குகிறோமா? பழகுவதற்கு வெல்டிங் பட்டறையே போதுமே!

மார்ச் 11, புதன்

குழம்பில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. அவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். இரண்டு தடவை போட்டிருக்கிறேன் போல.

மார்ச் 14, சனி

இன்று இரண்டு ஏஜென்ட்களைப் பார்த்தோம். முதல் இடத்தில் ஏசி, சோபா, கண்ணாடி மேஜை. நாங்கள் உட்காருவதற்குள் "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாவது ஒரு அம்மா. சின்ன அறை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. நடந்தால் தெருமுனைக்குக் கேட்கும். மனதுக்குள் சாவிக்கொத்து என்று பெயர் வைத்துவிட்டேன். நான் நைட் டூட்டி என்றதும் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அப்போ எத்தனை மணிக்குப் படுப்பீங்க? எந்தச் சத்தத்துக்கு முழிப்பு வரும்? வீட்ல யார் சத்தமா பேசுவாங்க?" கடைசிக் கேள்விக்கு நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கமிஷன் எவ்வளவு, யாரிடம் என்பதை முதலிலேயே சொன்னார். "உங்ககிட்ட மட்டும்தான். விக்கிறவங்ககிட்டயும் கை நீட்டினா நான் யாருக்காகப் பேசுறது?" தன்னிடம் வீடு வாங்கிய இரண்டு குடும்பங்களின் நம்பர்களும் கொடுத்தார். என் கணவர் கூப்பிட்டு விசாரித்தார். "நல்ல மனுஷி. ஆனா ரொம்ப கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணும்" என்றார்களாம். அவர் தயங்கினார். எனக்கு அதைக் கேட்டதும் முடிவாகிவிட்டது.

கொழுந்தனிடம் சொல்வது யார்? அவர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நானே பேசினேன். "கோச்சுக்காதே தம்பி..." என்று ஆரம்பித்ததுமே, "அப்பாடா! எனக்கும் இது சரிப்பட்டு வரல அண்ணி" என்றான். போனை வைப்பதற்குள் ஒரு இன்சூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டிவிட்டான்.

மார்ச் 24, செவ்வாய்

என்ன மாதிரி வீடு! கிழக்கே பெரிய ஜன்னல், தேய்த்து வைத்த மாதிரி தரை. டூட்டி முடிந்து நேரே போய், அங்கேயே நின்று கேட்டுப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றேன்.

"வேணாம்" என்றார் சாவிக்கொத்து. எதிர் காலி மனையைக் காட்டினார். நேற்று விசாரித்தாராம், அங்கே அடுக்குமாடி வரப்போகிறதாம். "எனக்குக் கமிஷன் வேணும்தான். ஆனா ரெண்டு வருஷம் படுக்கையில புரண்டுக்கிட்டு என்னைத் திட்டுவீங்க."

எனக்கு வந்ததே கோபம்! வாங்குறது நான்தானே, இந்தம்மா யாரு வேணாம்னு சொல்றதுக்கு? வேற ஏஜென்ட் இல்லையா ஊர்ல? பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

மார்ச் 25, புதன்

நானே போய் அந்த மனையைப் பார்த்தேன். செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாவிக்கொத்துக்குப் போன் செய்து, "அக்கா, அடுத்த வீடு எப்போ பார்க்கலாம்?" என்றேன். மேடம் என்பது எப்போது அக்கா ஆனதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

மூட்டைப்பூச்சி மருந்து நிறத்தில் சுவர். பாத்ரூம் முழுக்க ரோஸ் கலர், தொட்டி உட்பட. வாசலிலேயே முகத்தைச் சுளித்தேன். அக்கா ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்திருந்தார்.

"வீட்டுக்காரங்ககிட்ட கேட்டாச்சு. பின்னாடி ரூம்ல படுங்க."

"இங்கேயா?"

"தூங்கத்தானே வீடு பார்க்குறீங்க? தூங்கிப் பாருங்க."

இதென்ன கூத்து என்று சிரித்துக்கொண்டேதான் படுத்தேன். வேற்று வீடு, வெறும் தரை. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருக்கலாம் என்று நினைத்தேன்.

எழுந்தபோது வெயில் மேற்கே திரும்பியிருந்தது. வெளியே வந்தால் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"சாப்பிடக்கூடப் போகலையா அக்கா?"

"எழுந்து நடந்தா சத்தம் வருமே."

அம்மாவுக்குப் பிறகு என் தூக்கத்துக்கு இப்படி யாரும் காவல் இருந்ததில்லை. ரோஸ் கலர் பாத்ரூமைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு மோசமில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று விலை பேசுகிறார்கள். என்னை வரவேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். என் முகத்தைப் பார்த்தால் விற்கிறவர் விலையை ஏற்றிவிடுவாராம்.

குறைத்துவிட்டார்கள்! சுவருக்கு வெள்ளையடிக்கிற அளவுக்காவது.

ஜூன் 3, புதன்

குடி வந்து நான்கு நாள். அடுத்த ஆறு மாத டூட்டிப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். அதே வார்டு, என் பெயர் முதலில். "முகம் தெளிஞ்சிருக்கே" என்றார் தலைமை நர்ஸ். வீட்டுக்கு வந்து படுத்தேன். விழித்தபோது அறை இருட்டு. மழையா என்று பார்த்தால், சாயங்காலமே முடிந்துவிட்டது.

சமையலறை மேஜையில் ஒரு கைக்குட்டை மூட்டை. பிரித்தேன். குடி வந்தபோது விட்டுப்போன மொட்டைமாடிச் சாவி.

"மத்தியானம் அந்தப் பொண்ணு வந்துச்சு. பெல் அடிக்கல. நான் ஜன்னல்ல பார்த்துட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார் அத்தை.

அத்தை, ஒரு மணி நேரம்! எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.