வாலு ஏன் இடப்பக்கமே சுற்றுகிறது?

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் தட்டாமாலை. அம்மா விமானத்தை அழகாகத்தான் இறக்கினாள். சக்கரம் தொட்டது, ஓடியது, வேகம் குறைந்தது. சடாரென்று வால் வீசி, விமானம் இடப்பக்கப் புல்லுக்குள் போய், வந்த திசையையே பார்த்து நின்றது. எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி. உடைசல் இல்லை.

பயிற்சியாளர் (நான் வைத்த பெயர் மீசை) சிரிக்கவில்லை. "இது மூணாவது தடவை. சனிக்கிழமை சோதனையிலயும் சுத்துனா என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா."

கையெழுத்து இல்லையென்றால், என்ஜின் இல்லாத கிளைடர்களைக் கயிறு கட்டி வானத்துக்கு இழுத்துப் போகும் வேலை இல்லை. பழைய வேலையை அம்மா விட்டதே இதற்காகத்தான்.

மார்ச் 5

வீட்டுக்கு இப்போது இரண்டு வாலு. ஒன்று நான். இன்னொன்று வாலுக்கடியில் குட்டிச் சக்கரம் வைத்த அந்த விமானம். இரண்டும் அம்மா பேச்சைக் கேட்பதில்லை.

ஆனால் அது ஏன் சுற்றுகிறது? கடையில் தள்ளுவண்டி நிறைய தண்ணீர் கேன் ஏற்றி, பின்பக்கமாகத் தள்ளிவிட்டேன். நாலடி நேராகப் போனது. துளி கோணியதும் பின்னாலிருந்த பாரம் முந்திக்கொள்ளப் பார்த்தது. வண்டி சுழன்று சோப்புத்தூள் அடுக்கில் முட்டியது. அந்த வாலுவுக்கும் பாரம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால்தான்.

கடைக்காரர்: "உனக்கு வீடுன்னு ஒண்ணு இல்லையா பாப்பா?"

மார்ச் 6

மீசையைக் கேட்டேன்.

"கோணுறது தப்பில்ல, எல்லாருக்கும் கோணும். உடனே கால் பெடலைத் தட்டி நேராக்கணும். வண்டி நிக்கிற வரைக்கும் கால் ஆடிக்கிட்டே இருக்கணும். உங்கம்மாவுக்கு நல்ல காலு. கடைசியில மட்டும் ரெண்டு செகண்ட் தூங்கிடுது."

"ஏன் அங்கிள்?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

காற்றா? மூன்று நாளும் காற்று வேறு வேறு பக்கம். அப்புறம் ஏன் எப்போதும் இடம்?

மார்ச் 7

புல்லில் இருந்த மூன்று தடங்களையும் காலடியால் அளந்தேன். மூன்றும் இடப்பக்க வேலியின் ஒரே கம்பத்துக்கு நேரே தொடங்குகின்றன.

அது நான் நிற்கும் கம்பம்.

தினமும் அட்டையில் ஏதாவது எழுதிப் பிடிப்பேன். "பயணிகள் வாலைப் பிடித்துக்கொண்டு இறங்கவும்." அம்மா திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். என் கையெழுத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரெண்டு செகண்ட்.

சேச்சே. நானா? நானேதானா?

சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஓட்டம் முடிஞ்சப்புறம்தானேடி பாக்குறேன்."

"முடியலம்மா. அளந்துட்டேன்."

"எனக்கு முடிஞ்சிட்ட மாதிரியே இருந்துச்சு..."

"நாளைக்கு நான் வரல."

"வா. அங்கயே நில்லு. அட்டையோட. நீ இல்லாத நாள்ல நேரா போனா அதுல என்ன இருக்கு?"

மார்ச் 8, சனி

கம்பத்தடியில் நின்றேன். என் வாழ்நாளிலேயே சிறந்த அட்டை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

மூன்று முறை இறங்கினாள். மூன்று முறையும் என்னைக் கடந்தாள். வாலில், கால் பெடல் அசைக்கும் திசைத்துடுப்பு மட்டும் இப்படி அப்படி ஆடிக்கொண்டே போனது. அம்மாவின் முகம் திரும்பவே இல்லை. பாதையின் கோடியில், வேகமெல்லாம் தீர்ந்து, விமானத்தின் மூக்கு விசிறி நின்றது.

மீசை சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்காக நிற்காமல் நேரே வேலிக்கு வந்தாள்.

"இன்னிக்கு என்னடி எழுதியிருந்த?"