வட்டத்துக்குள் ஒரு கதிரை

அக்குறணை,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் நஸ்லியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் உடம்புக்குச் சுகம், அல்ஹம்துலில்லாஹ். அங்கே மெல்பேர்னில் நீயும் மருமகன் ரிஸ்கானும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். உடம்புக்குச் சுகம் என்று மட்டும்தான் எழுதினேன், மனதுக்கு என்று எழுதக் கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நான்கு நாளாக விடாத மழை, டவுனுக்குள் தண்ணீர் வருமோ என்று வாப்பா கடைச் சாமான்களை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டார். எனக்கு இந்த முறை அந்தப் பயம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் புசல்லாவையிலிருந்து பரிமளம் என்று ஒருத்தி வந்தாள், தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், காலில் புண் சீழ் பிடித்திருந்தது. சிங்களம் தெரியாத தோட்டத்துப் பெண்கள் வந்தால் டொக்டர்மார் என்னைத்தானே கூப்பிடுவார்கள், இருபத்திரண்டு வருடமாகக் கூட்டித் துடைத்த வேலையை விட இந்த மொழிபெயர்க்கிற வேலையைத்தான் பெருமையாக நினைத்திருந்தேன். எங்கள் சின்ன டொக்டர், சிங்களப் பிள்ளை, வந்து ஆறு மாதம்கூட இல்லை, இதற்கு முன் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை மகள். அன்றைக்கு பஸ் பிந்தி ஓடிவந்த அவசரம், அதோடு இந்தக் கேள்விக்கு எல்லாப் பெண்களும் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள் என்ற நினைப்பு. அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் "நெஹே டொக்டர்" என்று நானே சிங்களத்தில் சொல்லிவிட்டேன். டொக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள், ஊசி போட்டார்கள், பத்து நிமிடத்தில் பரிமளத்தின் முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தாள்.

கண் விழித்ததும் அவள் சொன்னது, "என்னைய யாருமே ஒன்னும் கேக்கலங்க, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், தோட்டத்து டிஸ்பென்சரியில ஊசி போட்டப்பவும் இப்பிடித்தான் வீங்கிச்சு" என்று. டொக்டரோ, நான் கேட்டேன், அவள் இல்லை என்றாள் என்று சத்தியம் பண்ணுகிறாள். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பொய்க்காரி என்று நினைக்கிறார்கள். விசாரணையில் என்னையும் கேட்டார்கள், ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன். முதலில் செய்தது கவனக்குறைவு, இதை என்னவென்று சொல்ல? டொக்டர் பிள்ளை இப்போது ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கிறாள். பரிமளத்தின் புருஷன் அழகமுத்து எங்கள் வாட்டு மாத்திரையைக்கூடக் குடிக்கவிடாமல், புண் ஆறாத காலோடு அவளைத் தோட்டத்துக்கே கூட்டிப்போகிறேன் என்று நிற்கிறான். இப்படியே போனால் அந்தக் காலை எடுக்கவேண்டி வருமாம்.

இதற்காக மேட்ரன் புதிதாக ஒரு வழி கொண்டுவந்திருக்கிறார். மேசை இல்லை, ஃபைல் இல்லை, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, நடந்தது என்ன, யாருக்கு என்ன வலி, இனி என்ன செய்தால் மனம் ஆறும் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும், குறுக்கே பேசக்கூடாது. நாளைக் காலை பத்து மணிக்கு. பரிமளம் என்ன சொன்னாள் தெரியுமா, "அந்த அக்கா இருந்தாத்தான் வருவேன், அவங்கதான் நம்ம பேச்ச சரியா எடுத்துச் சொல்லுவாங்க" என்று. டொக்டரும் மொழிபெயர்க்க என்னைத்தான் கேட்டாளாம். கேட்கவே இல்லை என்று பரிமளம் சொல்வதை டொக்டரின் முகத்தைப் பார்த்து என் வாயாலேயே நான் சிங்களத்தில் சொல்லவேண்டும். கொஞ்சம் வளைத்துச் சொன்னாலும் அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது, அதை நினைக்கும்போது எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது.

வாப்பாவிடம் சொன்னேன். "நீ ஒண்டும் செல்லப் போவாத, வாயப் பொத்திக்கொண்டு இரி, வேல போனா திரும்ப வராது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, பயத்தில்தான் சொல்கிறார். எனக்கும் வேலை போய்விடுமோ, அழகமுத்து கை நீட்டிவிடுவானோ, இனி எந்தத் தோட்டத்துப் பெண்ணும் என் கையைப் பிடிக்கமாட்டாளோ என்று சோறு இறங்கவில்லை.

இன்று மத்தியானம் கதிரைகளைப் போடச் சொன்னது என்னைத்தான். வட்டத்துக்கு ஆறு, எனக்கு ஒன்று, பரிமளத்துக்குப் பின்னால். போட்டுவிட்டு அந்த ஏழாவது கதிரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மேட்ரனிடம் போய், நாளைக்கு மொழிபெயர்க்க கிளினிக்கில் இருக்கும் அகீலாவைக் கூப்பிடுங்கள், எனக்கு வட்டத்துக்குள் இடம் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். நாளைக்கு எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்று மட்டும்தான் வாயில் வந்தது. கதிரையை உள்ளே போடுங்கள் என்றார். பரிமளத்துக்கும் டொக்டருக்கும் நடுவில் போட்டேன். இனி ஓடவும் முடியாது மகள். எனக்காக துஆ செய்.

அல்லாஹ் உனக்கு லேசான பிரசவத்தையும் நல்ல பிள்ளையையும் தருவான், இன்ஷா அல்லாஹ். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் குடி. ஒன்றை மட்டும் மறக்காதே. கிளினிக்கில் கேள்வி கேட்டால், உன் இங்கிலிஷ் எப்படி இருந்தாலும், நீயே வாய் திறந்து பதில் சொல், மருமகனைச் சொல்லவிடாதே. அவர் தங்கமான பிள்ளை, உன் பதில் எல்லாம் தனக்குத் தெரியும் என்றுதான் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உன்னையே நினைத்திருக்கும்
உம்மா கைரியா