தரூசின் வம்ச வரலாற்றில் விடுபட்ட பெயர்

பெல்கிரேட்,
9 அக்டோபர் 1927

என் செல்லத் தங்கை அக்லாயாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உறை ஒட்டியிருந்த அழகைப் பார்த்தால் வழியில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள். படிக்கட்டும். நீ முட்டைக்கோஸ் ஊறப்போட்டதும் எனக்கு மூட்டுவலி என்பதும் அவர்களுக்கும் தெரியட்டும்.

பகலில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன். மாலையில் நம் குடும்ப வரலாற்றை எழுதுகிறேன். பதினொரு தலைமுறை, தங்கமே! மாகாணங்களை ஆண்டவர்கள், அயல்நாட்டுக்குத் தூது போனவர்கள், பள்ளிக்கூடம் கட்டியவர்கள். ஈஸ்டருக்குப் பிறகு இங்குள்ள நம்மவர் சங்கத்தில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். புரட்சியில் தேசம் போயிற்று, நிலம் போயிற்று. தரூசின்கள் யார் என்பதாவது எழுத்தில் இருக்கட்டும்.

நம் வீட்டுப் பழைய காகிதங்களை அடுக்கும் வேலை உனக்குக் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். கொள்ளுத்தாத்தா பிளாத்தோன் தளபதியின் கடிதங்கள் இருக்கின்றனவா? 1831 காலராவில் அவர் ஆஸ்பத்திரி திறந்து, நோயாளிகளின் கட்டிலருகே தானே உட்கார்ந்திருந்தார் என்று அப்பா சொல்வாரே, அதுதான் என் நூலின் நடுப்பகுதி. தேதிகள் வேண்டும்.

கம்பளிக் காலணி போட்டுக்கொள்கிறாயா? உன்னை நம்ப முடியாது.

உன் அண்ணன்
க்ளெப்

*

ஒல்ஷான்கா,
20 நவம்பர் 1927

அன்புள்ள அண்ணா,

போட்டுக்கொள்கிறேன். ஒன்றில் ஓட்டை. அதற்காக நீ வருந்தி எதையும் அனுப்ப வேண்டாம், வந்து சேராது.

நம் வீடு இப்போது காசநோய் ஆஸ்பத்திரி. நடன மண்டபத்தில் இருபது கட்டில். மாடியில் நம்மை வளர்த்த தாதி படுத்திருந்த சின்ன அறை எனக்கு. பக்கத்து அறையில் காகிதங்கள்.

நீ கேட்ட கடிதங்கள் கிடைத்தன. மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. காலரா மாதங்கள் முழுவதும் கொள்ளுத்தாத்தா பீட்டர்ஸ்பர்கில் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரி கட்டும்படி அங்கிருந்து உத்தரவு அனுப்பியவர் அவர்தான். அந்த நல்லதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கட்டிலருகே உட்கார்ந்தவர் நிகிதா சவேலியெவ், நம் பண்ணையடிமை. தளபதியே அவரை மாஸ்கோவுக்கு அனுப்பி வைத்தியம் படிக்க வைத்திருக்கிறார். அந்தக் கோடையில் அவருடைய மனைவியும் நோயில் போய்விட்டாள். அடக்கம் செய்துவிட்டு அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருக்கிறார்.

நோய் அடங்கியதும் அவர் ஒரு மனு எழுதுகிறார். "எனக்கு வேறு பரிசு வேண்டாம். என்னையும் என் மகனையும் விடுதலை செய்யுங்கள்." ஓரத்தில் கொள்ளுத்தாத்தா கையால் பிரெஞ்சில் எழுதிய குறிப்பு: "திமிர் ஏறிவிட்டது. சிப்பாயாக அனுப்பு."

ஒரு மனுவுக்கு இருபத்தைந்து வருடப் பட்டாளம். எவ்வளவு அழகான கையெழுத்து, அண்ணா! மூன்று முறை படித்தேன்.

இங்கே பெலகேயா என்றொரு நர்ஸ் இருக்கிறாள், ஐம்பத்தைந்து வயது. நிகிதாவின் பேத்தி. மனுவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க தாத்தா எஜமான் வீட்டுல திருடிட்டுதான் பட்டாளத்துக்குப் போனாருன்னு ஊரே சொல்லும்மா. எங்கப்பா அந்த அவமானத்தோடயே செத்தாரு. திரும்பப் படிங்க, இன்னொரு தடவ கேட்டுக்கறேன்" என்றாள்.

உன் நூலின் நடுப்பகுதியில் நிகிதாவின் பெயரை எழுது, அண்ணா.

உன் அக்லாயா

*

பெல்கிரேட்,
3 ஜனவரி 1928

அக்லாயா,

உன்னைக் குறை சொல்லவில்லை. அங்கே பிழைத்திருக்க வேண்டுமானால் அந்தப் புது ஆட்சிக்காரர்கள் கேட்க விரும்புவதைத்தான் பேச வேண்டும். அவர்களுக்காக என்னிடமும் ஏன் பேசுகிறாய்?

இங்கே கிழவர்கள் ஹோட்டலில் தட்டு கழுவுகிறார்கள், வண்டி இழுக்கிறார்கள். மாதம் ஒருமுறை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சங்கத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மிச்சமிருப்பது தாத்தாக்கள் மட்டும். அதையும் நான் பிடுங்கவா?

பொய் எழுதமாட்டேன். நிகிதாவையும் எழுதமாட்டேன். காலரா ஆண்டையே விட்டுவிடுகிறேன். இதோடு இந்தப் பேச்சு வேண்டாம்.

க்ளெப்

*

ஒல்ஷான்கா,
18 மார்ச் 1928

அன்புள்ள அண்ணா,

என் கோபம் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. உனக்குத் தெரியாதா என்னை? 'அவர்களுக்காகப் பேசுகிறாய்' என்றாயே, அது மட்டும் உள்ளே கிடந்து குத்தியது. அவர்கள் என்னை என்ன செய்தார்கள் என்று கேள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டார்கள். பழைய எஜமானர் வீட்டுப் பெண்ணை ஊரைவிட்டே அனுப்ப வேண்டும் என்று தீர்மானம். மாவட்டத்திலிருந்து வந்தவர் உன் கடித உறைகளைத் தூக்கிக் காட்டினார். "இவங்க யாருக்கு எழுதுறாங்க பாருங்க! புரட்சிய எதிர்த்துச் சண்ட போட்டு ஓடிப்போன வெள்ளைப்படை அதிகாரிக்கு!"

பெலகேயா எழுந்தாள். "தங்கச்சி அண்ணனுக்கு எழுதாம வேற யாருக்கு எழுதுவா? உன் தங்கச்சி உனக்கு எழுதுறதில்லன்னா அது உன் குணம்."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அதன் பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "நூறு வருஷமா எங்க தாத்தாவத் திருடன்னு சொன்னீங்க. அவர் திருடலன்னு காகிதத்தக் காட்டினது இந்தப் பொண்ணு. தன் குடும்பத்து அசிங்கத்தத் தானே வெளிய எடுத்து வச்சா. உங்கள்ல எவனுக்காவது அந்தத் துணிச்சல் இருக்கா?"

ஊரைவிட்டு அனுப்பவில்லை. காகித வேலையும் மாடி அறையும் போயின. சலவையறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். பெலகேயா வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் எனக்குப் படுக்கை. அவளுடைய குறட்டையைத் தவிர குறையொன்றும் இல்லை.

ஒரு நிபந்தனை: இனி வெளிநாட்டுக்கு எழுதக் கூடாது. இதை மாஸ்கோ போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து தபாலில் போடுவார். நீ பதில் போடாதே. உன் உறை வந்தால் எனக்காகப் பேசியவளையும் இழுப்பார்கள்.

நூலில் நீ விரும்பியதை எழுது. நம் வம்சத்தின் செல்வாக்கு எவ்வளவு தூரம் எட்டியது என்றுதானே தேடுகிறாய்? ஓரத்தில் எழுதிய ஒரு வரி பேத்தி காலம்வரை ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது, அண்ணா.

வேளைக்குச் சாப்பிடு. மூட்டுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அதை மட்டும் மறந்துவிடாதே.

என்றும் உன் தங்கை
அக்லாயா

*

பெல்கிரேட்,
6 மே 1928

என் அக்லாயா,

இதை அனுப்பப் போவதில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று சங்கத்தில் வாசித்தேன். காலரா ஆண்டை விடவில்லை. நீ எடுத்தெழுதிய நிகிதாவின் மனுவைப் படித்தேன், ஓரத்து வரியையும். முன்வரிசையிலிருந்த மூதாட்டி எழுந்து வெளியேறினார். அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். "போதும், உக்காருங்க" என்று தலைவர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். முடிக்கும்வரை உட்காரவில்லை.

யாரும் கைதட்டவில்லை. நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவர் வந்தார். முன்னாள் கர்னல், இப்போது மரக்கிடங்கில் காவல்காரர். காது மந்தம், அதனால் கத்தித்தான் பேசுவார்.

"தம்பி, அந்த வைத்தியர் பட்டாளத்துலேருந்து திரும்பி வந்தாரா? மகனைப் பார்த்தாரா?"

எனக்குத் தெரியவில்லை. உன் கடிதம் வந்தபோது கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன். நிகிதா என்ன ஆனார் என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெலகேயா சொல்லி உனக்கு இந்நேரம் எல்லாம் தெரிந்திருக்கும்.

கிழவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என் தங்கச்சியக் கேட்டுச் சொல்றேன் ஐயா" என்று கத்தினேன்.

உன் அண்ணன்
க்ளெப்