அம்முவின் வெறுங்காது

14 ஜூன் 2023

மழை விடவே இல்லை. அம்முவின் சட்டைகளை இஸ்திரி போட்டுத்தான் உலர்த்தினேன். காலையில் அவள் கன்னத்தில் மறுபடி அந்தச் சிவப்புத் தடிப்பு. இந்தத் தடவை கழுத்துவரை இறங்கியிருந்தது. அத்தை பார்த்துவிட்டு, "கொசுவாக்கும் மோளே. மட்டாஞ்சேரிக் கொசு பிஞ்சு முத்தல் பாக்காது" என்றார். என் வீட்டுக்காரர் நிகில் ஈரம் என்றார். எந்தக் கொசு தினமும் தோசை தின்று முடிக்கும்வரை காத்திருந்து கடிக்கும்? உளுந்து ஒத்துக்கொள்ளவில்லையோ?

சாயந்திரம் அண்ணன் போன். ஆவணியில் நல்ல நாள் இருக்கிறதாம். "பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு தாயி. என் மடியில வச்சுக் காது குத்திருவோம்" என்றார். பின்னால் கொட்டகையில் கடலை வறுக்கும் சத்தம் கேட்டது. அம்மா போன பிறகு எனக்குக் கோவில்பட்டி என்றால் மாரிச்செல்வம் அண்ணன் வீடுதான். வீட்டுக்குப் பின்பக்கமே கடலைமிட்டாய் போடும் கொட்டகை. விடிகாலையில் பாகு கொதிக்கும் வாசனையில் கண் விழித்து வளர்ந்தவள் நான். இங்கே ஜன்னலைத் திறந்தால் சுக்கும் மிளகும்.

இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய். அண்ணன் பஸ்ஸில் கொடுத்துவிடும் செக்குக் கடலெண்ணெயில் எனக்கும் அம்முவுக்கும் மட்டும் தனியாகத் தோசை சுடுகிறேன். சூடான கல்லில் அது விழும்போது ஒரு நொடி ஊரில் நிற்பேன். அதற்காகவே இன்னொரு சொட்டு விடுவேன்.

22 ஜூன்

என்ன எழுதுறது.

அண்ணன் அனுப்பிய பார்சல் வந்தது. மிட்டாயை உடைத்து ஒரு துணுக்கு, நகத்தளவுகூட இல்லை, அம்மு வாயில் வைத்தேன். சிரிச்சா. இன்னும் வேணும்னு வாயைத் திறந்தா. அப்புறம் உதடு. என் கண்ணு முன்னாடியே உதடு தடிக்குது, கண்ணு இடுங்குது, உடம்பெல்லாம் திட்டுத் திட்டா. வாந்தி. இருமல் நிக்கவே இல்ல. நிகில் கோடவுனில் இருந்தார். அத்தைதான் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஆட்டோவை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சரியானது. என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "ஊர்ப் பண்டம்" என்றேன்.

24 ஜூன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். தூங்குகிறாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

31 ஜூலை

எர்ணாகுளத்தில் அலர்ஜி டாக்டரைப் பார்த்தோம். மதுவந்தி என்று பெயர், பாலக்காட்டுத் தமிழ். அம்முவின் முன்கையில் வரிசையாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொன்றிலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். பால், முட்டை, கோதுமை, மீன், உளுந்து எல்லாம் அப்படியே இருந்தன. நிலக்கடலை விட்ட இடம் மட்டும் கொசுக்கடி மாதிரி எழும்பியது. பிறகு கொசுக்கடியைவிடப் பெரிதாக.

வீட்டில் என்னென்ன சமைக்கிறோம் என்று கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். எண்ணெயில் நிறுத்தினார்.

"செக்கெண்ணெயா?"

"ஆமா, டாக்டர். ஊர்ல அண்ணன் ஆட்டி அனுப்புவாங்க."

"ஃபாக்டரில நன்னா சுத்தம் பண்ணின எண்ணெய்ல கடலையோட புரதம் அநேகமா இருக்காது. செக்குல ஆட்டினதுல இருக்கும். தோசைக்கப்புறம் தடிப்பு வந்தது அதனாலயா இருக்கலாம்."

நிகில் என்னைப் பார்க்கவில்லை. அதுவே போதும்.

முழுக்க விலக்க வேண்டும் என்றார். அங்கன்வாடியில் தருகிற சத்துமாவிலும் கடலை உண்டு, பாக்கெட்டுகளில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் தரக் கூடாது. இங்கே நிலக்கடலைக்குக் கப்பலண்டி என்று சொன்னால்தான் புரியும். அதை நான் எல்லாரிடமும் சொல்லிப் பழக வேண்டும். "பயப்படாதேள். ஆனா மறக்காதேள்" என்றார். இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது?

2 ஆகஸ்ட்

அண்ணனிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கடலையா? பல்லு முளைக்கதுக்கு முன்னாடி நீ பாகுச் சட்டிய நக்குன பிள்ள." அவர் வீட்டு உத்தரத்தில், பாயில், ஃபேன் இறக்கையில், எங்கும் கடலைத் தூள்தான். தவழ்கிற பிள்ளை கையை வாயில் வைக்காமல் இருக்குமா?

காது குத்து பிறகு பார்க்கலாம் என்று முடிந்தது. பிறகு என்றால் எப்போது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

3 ஆகஸ்ட்

தேங்காயெண்ணெய்த் தோசை. அம்மு கன்னம் சுத்தமாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும்.

15 ஜனவரி 2024

பொங்கல். அண்ணன் வீடியோவில் வந்தார். அம்மு திரையைத் தட்டித் தட்டி அவர் மூக்கைப் பிடிக்கப் பார்த்தாள். மதினி கேமராவை வாசலுக்குத் திருப்பிக் கோலத்தைக் காட்டினாள். நான் பார்த்தது கோலத்தை இல்லை. ஓரத்தில், கொட்டகைக்குப் போகிற அந்த இடுக்கு வழி, சுவரில் சாக்கு உரசி உரசி வழுவழுப்பான இடம். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன்.

9 மார்ச் 2024

இந்தத் தெருவில் அம்முவைப் பார்த்து யாரும் பெயரைக் கேட்பதில்லை. முதலில் காதைத்தான் கேட்கிறார்கள். இன்று மீன்காரச் சேச்சி: "பெண்குட்டியல்லே, காது குத்தலையா?" அத்தை முந்திக்கொண்டார். "அதுக்கு மாமன் மடி வேணுமாம். மாமன் கோவில்பட்டி மகாராஜாவாக்கும்."

நிகில் நல்ல விதமாகத்தான் பேசினார். "எந்தினாடி, எதுக்கு இவ்வளவு? நகைக்கடையில ஒரு கன் வச்சு டக்குனு குத்திடுவான். அஞ்சு நிமிஷம்." நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். ஏன்? சாமி குத்தம் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. கணக்கில் பட்டம் வாங்கியவள். ஆனால் அந்தக் காது அப்படியே இருக்கும்வரை நான் ஊருக்குப் போக ஒரு காரணம் பாக்கி இருக்கிறது. அதையும் குத்தி முடித்துவிட்டால்?

இதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு மலையாளம் வாசிக்க வரும், தமிழ் எழுத்துக்கூட்டினால்தான். தைரியமாக இங்கே எழுதலாம்.

21 ஜூன் 2024

அம்முவுக்கு அவசரத்துக்குப் போடும் ஊசியைப் பழகினோம். தானாகவே குத்துகிற பேனா மாதிரி ஒன்று வெளிநாட்டில் உண்டாம், இங்கே சுலபமாகக் கிடைக்காது. அதனால் குப்பி, சிரிஞ்ச், டாக்டர் கோடு போட்டுக் காட்டிய அளவு. எல்லாம் ஒரு சிவப்புப் பையில். தண்ணீர் நிரப்பி ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்த்தோம். நிகிலுக்குக் கை உதறியது. என்னுடையது அதைவிட மோசம். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, உறிஞ்சி, குமிழியைத் தட்டி, ஒரே குத்து.

"இந்தப் பாக்கியலக்ஷ்மிக்கு அறுபத்தி ரெண்டு வயசு, கேட்டியா. உங்க ரெண்டு பேரையும் நம்பினா ஆரஞ்சுகூடப் பிழைக்காது."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இன்றுதான் அத்தையைக் கட்டிப் பிடித்தேன். அவருக்குக் கூச்சம். "போ போ, சாயா போடு."

6 பிப்ரவரி 2025

ரத்தப் பரிசோதனையில் அம்முவின் அலர்ஜி எண் நன்றாக இறங்கியிருக்கிறதாம். கடலை அலர்ஜி எல்லாருக்கும் போகாது, சில குழந்தைகளுக்குப் போகும், ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். "நம்பிக்கை வைங்கோ, முடிவு பண்ணிடாதேள்" என்றும் சொன்னார்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். படகுத்துறையில் நிற்கும்போதே அண்ணனுக்குப் போன் போட்டேன். சித்திரையில் நாள் பார்க்கிறேன் என்றார். குரல் உடைந்திருந்தது. படகில் காற்றடித்தபோது அம்முவின் முடியை ஒதுக்கி அந்தச் சின்னக் காது மடலைத் தொட்டுப் பார்த்தேன். மெதுமெதுவென்று.

19 பிப்ரவரி

அண்ணன் முன்கூடத்துக்கு வெள்ளையடித்துவிட்டாராம். மதினி சொன்னாள். பழைய பாயெல்லாம் போய்ப் புதுப் பாய் வந்துவிட்டது. அம்முவுக்குப் பச்சைப் பாவாடை எடுத்திருக்கிறாள். அவசரப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

11 மார்ச் 2025

நடக்கல.

ஆஸ்பத்திரியில் கடலைப் பொடியைக் கஞ்சியில் கலந்து கண்ணுக்கே தெரியாத அளவு முதலில். ஒன்றுமில்லை. பிறகு கொஞ்சம் கூட்டி. ஒன்றுமில்லை. நர்ஸோடு பொம்மைப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாவதிலும் ஒன்றுமில்லை. நான் மனசுக்குள் ரயிலேறிவிட்டேன், ஊருக்கு முந்தின ஸ்டேஷன்கூடத் தாண்டிவிட்டேன். நாலாவது கொடுத்துச் சற்று நேரம் கழித்துக் கழுத்தைச் சொறிந்தாள். சட்டையின் கழுத்துப்பட்டி உறுத்துகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் அந்த இருமல். அந்தச் சத்தத்தை நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பேன்.

உடனே ஊசி போட்டுவிட்டார்கள். மாலையில் எழுந்து உட்கார்ந்து, "அம்மே, கஞ்ஞி தீந்நோ?" என்று கேட்டாள்.

தீந்து போச்சுடா கண்ணு.

12 மார்ச்

அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப நான் அங்க வாரேன்" என்றார். "கொச்சியில வச்சுக் குத்துனா காதுல கம்மல் நிக்காதா?"

அவரே தொடர்ந்தார்.

"முதல் வருசத்துலயே கேக்கணும்னு இருந்தேன் தாயி. நீ ஒரு வார்த்த வான்னு சொல்லல. சரி, நம்ம கைய நினைச்சுப் பயப்படுதான்னு விட்டுட்டேன்."

இல்லைண்ணே என்று சொல்ல வேண்டும். பொய். அவர் கையை நினைத்துத்தான் பயந்தேன். எனக்குச் சோறூட்டிய கை. அதை எப்படி "கழுவிட்டு வா" என்பது? அதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை காலம் நாள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"வாங்கண்ணே" என்றேன்.

4 மே 2025

அண்ணன் வந்தார். கொட்டகைப் பக்கம் போவதை முன்னாலேயே நிறுத்திவிட்டாராம். வேலையை மதினி பார்க்கிறாள், அவள் வரவில்லை. ராத்திரி பஸ்ஸில் வைட்டிலா வந்து, லாட்ஜில் அறை எடுத்து, தலைக்குக் குளித்து, கட்டி வந்த வேட்டி சட்டையை அங்கேயே விட்டுவிட்டு, எர்ணாகுளத்தில் வாங்கிய புதுசை உடுத்திக்கொண்டு வாசலில் நிற்கிறார். நகத்தை ரத்தம் வரும் அளவுக்கு ஒட்ட வெட்டியிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். தாய்மாமன் சீர் எதுவும் இல்லை, வெறுங்கை.

"உள்ள வரலாமா?" என்று என்னிடம் கேட்டார். என் அண்ணன்.

அம்மு அத்தையின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "இதாரா?" என்றாள். போனில் பார்க்கிற மாமா இவ்வளவு பெரிதாக இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. மடியில் உட்கார மாட்டேன் என்று ஒரே அலறல். நிகில் பிடித்து வைத்தார். காது குத்த வந்த ஆசாரி முதல் காதைக் குத்தியதும் தலையைத் திருப்பி, தன்னை அணைத்திருந்த அண்ணன் கையை ஒரே கடி. விட மாட்டேன் என்கிறாள்.

எல்லாரும் நின்றுவிட்டோம். அத்தை கையில் சிவப்புப் பை எப்போது வந்தது என்று தெரியவில்லை. நான் அம்முவின் உதட்டையே பார்த்தேன். அண்ணனும் கையை இழுக்காமல் அவள் உதட்டையே பார்த்தார். ஆசாரி ஊசியைப் பிடித்தபடி, "மற்றே காது?" என்றார்.

ஒன்றுமில்லை. வெறும் அழுகைதான். மூக்கு ஒழுகும் சாதாரண அழுகை.

"கடிக்கட்டும்" என்றார் அண்ணன். கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்கக் கையில்லை, கை அவள் வாயில் இருந்தது. "நல்லாக் கடி தாயி."

அத்தை பையை மூடிவிட்டு ஆசாரியிடம் சொன்னார்: "குத்தும். மகாராஜாவுக்கு இன்னொரு கை பாக்கி இருக்கு."

6 மே

அண்ணனை வைட்டிலாவில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஏறும்போது, "நீயாவது ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார். பிள்ளையை விட்டுவிட்டா என்றேன். "விட்டுட்டு வரத்தான சொல்லுதேன்."

17 ஆகஸ்ட் 2025, கோவில்பட்டி

நான் மட்டும் வந்தேன். அங்கே நிகிலும் அத்தையும் பையும். காலையிலிருந்து மூன்று தடவை போன் பண்ணிவிட்டேன். மூன்றாவது தடவை அத்தை, "இங்க எல்லாரும் உயிரோட இருக்கோம், வை" என்றார். பின்னால் அம்மு கம்மலைக் கண்ணாடியில் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

கொட்டகைக்குப் போனேன். பாகு பதத்துக்கு வந்திருந்தது. ஏங்கி ஏங்கி நினைத்த வாசனை அப்படியே இருக்கிறது, ஒரு குறையுமில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் கனமே இல்லாமல் நிற்பது எப்படியோ இருந்தது.

ராத்திரி மதினி கடலைச் சட்னி அரைத்தாள். செக்கெண்ணெயில் முறுகலாகத் தோசை. ஒன்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"போதுமா?" என்றாள் மதினி.

"இல்ல, இன்னொண்ணு வை."

வைத்தாள். சாப்பிட்டேன். மறுபடி எழுந்து போய்க் கழுவினேன்.

"அம்முதான் இங்க இல்லையே" என்றாள்.

"ஆமா" என்றேன். கை ஈரத்தோடு நின்றேன். மதினி கல்லில் அடுத்த தோசையை ஊற்றினாள்.